ஆர்க்கிடெக்ட்டை வைத்து வீடு கட்டப் போகிறீர்களா? சேலத்தில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அழகாபுரத்தில் ஒரு மாடி அறையில் பதினாறு வருடமாக ஆபீஸ் வைத்திருக்கிறேன். வீடு கட்ட வருகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். அம்மாப்பேட்டையிலிருந்து வந்தாலும் சரி, அமெரிக்காவிலிருந்து வீடியோ காலில் வந்தாலும் சரி. ஃபோனில் திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்துவிட்டதால் இங்கே எழுதிவிட்டேன். சில பதில்கள் எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கே பிடிக்காது. பரவாயில்லை.

இன்ஜினியர் இருக்கிறார், மேஸ்திரி இருக்கிறார், ஆர்க்கிடெக்ட் எதற்கு?

எல்லோருக்கும் தேவை என்று நான் சொல்ல மாட்டேன். மூன்று சென்ட் இடம், ரெண்டு பெட்ரூம், பக்கத்து வீடு மாதிரியே இருந்தால் போதும் என்றால் ஒரு நல்ல இன்ஜினியரும் அனுபவப்பட்ட மேஸ்திரியும் போதும், என் ஃபீஸுக்குக் கொடுக்கிற பணத்தில் நல்ல ஜன்னல் போட்டுக்கொள்ளுங்கள். இதைச் சொல்லித் திருப்பி அனுப்பியவர்கள் உண்டு. அவர்களில் ரெண்டு பேர் பிற்பாடு பெரிய வேலையோடு வந்தார்கள் என்பது வேறு கதை.

இடம் கோணலாக இருக்கிறது, மேற்கு வெயில் நேராக அடிக்கிறது, ஒரே மனையில் அண்ணன் தம்பி இருவருக்கும் வீடு வேண்டும், கீழே கடை மேலே வீடு, மலைச்சரிவு என்றெல்லாம் வரும்போதுதான் எங்கள் வேலை ஆரம்பிக்கிறது. கம்பிக் கணக்கு நான் போடுவதில்லை, அதற்கு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் தனியாக இருக்கிறார். அவருக்கான ஃபீஸ் என் ஃபீஸில் சேர்ந்ததா இல்லையா என்பதை முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள்.

உண்மையான ஆர்க்கிடெக்ட்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஐந்து வருடம் பி.ஆர்க். படித்து, கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் பதிவு செய்திருக்க வேண்டும். 1972 ஆம் ஆண்டுச் சட்டம் அது. பதிவு எண் சி.ஏ. என்று தொடங்கி, பதிவு செய்த வருடம், அப்புறம் ஒரு எண் என்று வரும். கவுன்சிலின் தளத்தில் போட்டுப் பார்த்தால் பெயர் வர வேண்டும், அவ்வளவுதான். என்னிடமும் கேளுங்கள், தப்பாக நினைக்க மாட்டேன்.

இதில் ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. 2020-இல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில் இந்தச் சட்டம் காப்பாற்றுவது ‘ஆர்க்கிடெக்ட்’ என்ற பட்டத்தை மட்டும்தான், கட்டட வடிவமைப்பு வேலையைப் பதிவு செய்யாதவர்கள் செய்வதை இந்தச் சட்டம் தடுக்கவில்லை என்று சொல்லிவிட்டது. ஆக, பிளான் போடுகிற இன்ஜினியரோ டிராஃப்ட்ஸ்மேனோ குற்றம் எதுவும் செய்யவில்லை. பதிவு இல்லாமல் போர்டில் ‘ஆர்க்கிடெக்ட்’ என்று எழுதினால்தான் தப்பு. ஃபைவ் ரோட்ஸிலிருந்து ஜங்ஷன் வரை ஒரு நடை போய் போர்டுகளை எண்ணிப் பாருங்கள், பொழுது போகும்.

சார் எப்போ வருவார்?

சார் கிடையாது. நான்தான்.

ஃபீஸ் எவ்வளவு? ஏன் ஃபோனில் சொல்ல மாட்டேன் என்கிறீர்கள்?

‘சதுரத்துக்கு எவ்வளவுங்க?’ என்றுதான் முதல் கேள்வியே வரும். நூறு சதுர அடி ஒரு சதுரம் என்று மேஸ்திரிமார் கணக்குப் போடுகிற பழக்கம் நமக்கு. இடத்தைப் பார்க்காமல், வீட்டில் எத்தனை பேர் என்று தெரியாமல் நான் ஒரு எண்ணைச் சொன்னால் அது வாயில் வந்த எண்தான்.

கட்டுமானச் செலவில் இத்தனை சதவீதம் என்று வாங்குவது எங்கள் தொழிலில் வழக்கமான முறை. கவுன்சில் வெளியிட்டிருக்கும் கட்டண வழிகாட்டியும் அப்படித்தான். எனக்கு அதில் ஒரு நெருடல் உண்டு. வீட்டுச் செலவு ஏற ஏற என் ஃபீஸும் ஏறும் என்றால், நான் இத்தாலியன் மார்பிள் போடலாம் என்று சொல்லும்போது நீங்கள் என்னைச் சந்தேகமாகப் பார்ப்பீர்கள், பார்க்கவும் வேண்டும். அதனால் பிளான் முடிவானதும் மதிப்பீடு போட்டு, அந்தச் சதவீதத்தை ஒரே தொகையாக மாற்றி நிறுத்திவிடுகிறேன். அதற்குப் பிறகு நீங்கள் தேக்கு போட்டாலும் வேம்பு போட்டாலும் என் ஃபீஸ் மாறாது. வீட்டின் அளவு மாறினால் மாறும். அதற்கு மேல் ஜி.எஸ்.டி. 18 சதவீதம், அது அரசாங்கத்துக்கு. ‘பில் வேண்டாம், அதைக் கழிச்சுக்குங்க’ என்று கேட்காதீர்கள்.

பணம் கட்டங்கட்டமாக: ஆரம்பத்தில் ஒரு பங்கு, பிளான் முடிவானதும் ஒரு பங்கு, அப்ரூவல் வரைபடங்களுக்கு, சைட்டுக்கான முழு வரைபடங்களுக்கு, மீதி வேலை நடக்க நடக்க. கடைசிப் பங்கை வேண்டுமென்றே சின்னதாக வைத்திருக்கிறேன். கிரகப்பிரவேசம் முடிந்த வீட்டில் ஆர்க்கிடெக்ட்டின் பில்லை எடுத்துப் பார்க்க யாருக்கும் மனசு வராது என்பது அனுபவம்.

முதலில் ஒரு பிளான் சும்மா போட்டுக் காட்டுங்கள். பிடித்தால் உங்களுக்கே தருகிறோம்.

இது கேள்வி இல்லை, ஆனாலும் தினமும் வருகிறது. நாலு பேரிடம் இதையே சொல்லி நாலு பிளான் வாங்கி, எது நல்லது என்று மச்சானிடம் காட்டிவிட்டுக் கடைசியில் மேஸ்திரியிடம் கொடுத்துக் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். எங்கள் நடத்தை விதிகள் 1989-இல் வந்தவை. ஒரே வேலைக்கு இன்னொரு ஆர்க்கிடெக்ட்டோடு போட்டி போட்டு இலவசமாக வடிவமைத்துத் தரக் கூடாது என்பது அதிலேயே இருக்கிறது. பழைய வேலைகளைக் காட்டுகிறேன். கட்டி முடித்த ரெண்டு வீட்டுக்கு நேரில் கூட்டிப் போகிறேன், அந்த வீட்டுக்காரர்களிடம் நான் இல்லாதபோது பேசிக்கொள்ளுங்கள். ஒரு பிளானைப் பார்த்துத் தெரிந்துகொள்வதைவிட அதில் அதிகம் தெரியும்.

தெரிந்தவர்கள்தானே, அக்ரிமென்ட் எல்லாம் எதற்கு?

தெரிந்தவர்கள் என்பதால்தான். முன்பின் தெரியாதவரோடு சண்டை வந்தால் அவரோடு போச்சு. தெரிந்தவரோடு வந்தால் கல்யாணம் காதுகுத்துக்கெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்க வேண்டும்.

என் அக்ரிமென்ட் நாலே பக்கம், தமிழில். என்னென்ன வரைபடம் தருவேன், எத்தனை முறை மாற்றித் தருவேன், எத்தனை நாளைக்கு ஒரு தடவை சைட்டுக்கு வருவேன், எது என் வேலை இல்லை, நடுவில் பிரிந்தால் கணக்கு எப்படி. இதெல்லாம் எல்லோரும் எழுதுவது. நான் பட்டுத் தெரிந்துகொண்டு சேர்த்தது ஒரு வரி: முடிவு சொல்பவர் யார்? அங்கே ஒரே ஒரு பெயர்தான் எழுத இடம் விட்டிருக்கிறேன்.

அதற்குக் காரணம் ஒரு வீடு. அப்பா சேலத்தில், ஓய்வு பெற்றவர். பணம் அனுப்பும் மகன் பெங்களூரில். அப்பா காலையில் வந்து ஈசானியத்தில் பூஜை அறை, கீழேயே தனக்கு ஒரு ரூம், அதுதான் ஃபைனல் என்பார். இரவு மகன் கூப்பிட்டு ஹால் மேலே மாடி வரை திறந்திருக்க வேண்டும், அதுதான் ஃபைனல் என்பார். இருவரும் ஒருவரோடு ஒருவர் பேசவில்லை, என் மூலமாகப் பேசினார்கள். ஏழு பிளான் போட்டேன். ஏழாவது பிளானை மேஜையில் விரித்தபோதுதான், இவர்களுக்குள் தகராறு வீட்டைப் பற்றியே இல்லை, யார் வீடு என்பதைப் பற்றி என்று உறைத்தது. அது வரைபடத்தில் தீர்கிற விஷயமா? இப்போதெல்லாம் பெயர் எழுதும் அந்த இடத்தில் வீட்டுக்குள் நடக்க வேண்டிய பேச்சு என் ஆபீஸிலேயே நடந்துவிடுகிறது, சில நேரம் அரை மணி நேரம் நான் வெளியே போய் டீ குடித்துவிட்டு வருவேன்.

டைல்ஸ் கடையில் உங்களுக்குக் கமிஷன் உண்டாமே?

நேராகக் கேட்டதற்கு நன்றி, பெரும்பாலானவர்கள் இதை என் முதுகுக்குப் பின்னால்தான் கேட்கிறார்கள்.

கொடுக்கிறார்கள், உண்மை. டைல்ஸ், சானிட்டரி, கிரானைட், யு.பி.வி.சி. ஜன்னல், பெயின்ட், எல்லாவற்றிலும். சதுர அடிக்கு இத்தனை ரூபாய் என்றோ பில்லில் இத்தனை சதவீதம் என்றோ, சில இடங்களில் கேட்காமலேயே கவரில் வரும். வேலையின் பேரில் கமிஷனோ பரிசோ வாங்கக் கூடாது என்பது எங்கள் விதி. ஆனால் விதி இருப்பது எல்லோருக்கும் தெரியும், கவர் வருவதும் எல்லோருக்கும் தெரியும்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஆபீஸ் ஆரம்பித்து முதல் தீபாவளிக்கு ஒரு கடையிலிருந்து வெள்ளிக் குத்துவிளக்கு வந்தது, செவ்வாய்ப்பேட்டை வேலை, நல்ல கனம். அம்மாவிடம் காட்டினேன், இருவருக்கும் பெருமை. ஒன்றரை மாதம் கழித்து அதே கடையிலிருந்து ஒரு வீட்டுக்கு இறங்கிய டைல்ஸில் பாதி வளைந்திருந்தது, ரெண்டு டைல்ஸை முகத்தோடு முகம் வைத்தால் நடுவில் ஒரு ரூபாய்க் காசு நுழைந்தது. லோடைத் திருப்பி அனுப்பு என்று சொல்ல வேண்டியவள் நான்தான். சொன்னேன், ஆனால் எப்படிச் சொன்னேன் தெரியுமா? ‘கொஞ்சம் பாருங்கண்ணா, முடிஞ்சா மாத்திக் கொடுங்க.’ மாற்றிக் கொடுக்கவில்லை. நல்லதாகப் பொறுக்கி ஹாலில் போட்டோம், வளைந்ததைப் பெட்ரூமில் கட்டிலுக்கு அடியில் வருகிற மாதிரி போட்டோம். அந்த வீட்டுக்காரருக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்த ஒரே ஆளுக்கு, அதாவது எனக்கு, அந்தப் பக்கம் போனால் இன்னும் ஒரு மாதிரி இருக்கும்.

இப்போது என் முறை: கடைக்காரர் எனக்குத் தர நினைப்பதை உங்கள் பில்லிலேயே தள்ளுபடியாகப் போட்டுத் தரச் சொல்கிறேன். சில கடைகள் ஒத்துக்கொள்கின்றன. சில கடைகள் நான் போனாலே தண்ணீர்கூடக் கொடுப்பதில்லை, ‘அந்த மேடம் ஒரு மாதிரிங்க’ என்று ஊரெல்லாம் சொல்கிறார்கள். சொல்லட்டும்.

உங்களுக்கும் ஒரு வார்த்தை. ஃபீஸைப் பேரம் பேசிப் பாதியாக்கி, அதற்கும் ஒத்துக்கொண்ட ஒருவரைக் கண்டுபிடித்து, அப்புறம் அவர் எங்கெங்கு வாங்குகிறார் என்று துப்பறிவதில் அர்த்தமில்லை. ஆபீஸ் வாடகை, ரெண்டு பேர் சம்பளம், பெட்ரோல் எல்லாம் எங்கிருந்தாவது வந்தாக வேண்டும்.

சைட்டில் மேஸ்திரியிடமே சொல்லிச் சின்ன மாற்றம் செய்துகொள்ளலாமா?

சின்ன மாற்றம் என்று ஒன்று இல்லை. கன்னங்குறிச்சியில் நடந்தது இது. அந்த வீட்டில் தரையிலிருந்து மாடித் தரை வரை பத்தரை அடி, 126 இஞ்ச். பத்தொன்பது ஏற்றம் வைத்து, படி ஒன்று ஆறரை இஞ்சுக்குக் கொஞ்சம் மேலே வருகிற மாதிரி வரைந்திருந்தேன். வீட்டம்மாவுக்கு முட்டி வலி, அவர் முதல் நாள் என்னிடம் கேட்ட ஒரே விஷயம் ‘படி மட்டும் தாழ்வா இருக்கட்டும் கண்ணு’ என்பதுதான். ஹாலின் நீளம், எக்ஸ்ட்ரா சாக்கெட், எலிவேஷன் எதுவும் அவர் கேட்கவில்லை.

சென்ட்ரிங் அடிக்கிற அன்று வீட்டுக்காரர் சைட்டுக்குப் போயிருக்கிறார். ‘ரெண்டு படியைக் குறைச்சா ஹால்ல இடம் கிடைக்குமுங்களே’ என்று மேஸ்திரி சொல்ல, இவரும் சரி என்றுவிட்டார். கணக்கு தப்பில்லை: ரெண்டு படி போனால் இருபது இஞ்ச் மிச்சம். ஆனால் மீதிப் பதினேழும் ஏழரை இஞ்சுக்குப் பக்கத்தில் போய்விட்டது. விதிப்படி அதுவும் அனுமதிக்கப்பட்ட உயரம்தான், எந்த அதிகாரியும் கேள்வி கேட்க முடியாது. நான் போனபோது காங்கிரீட் போட்டு மூன்று நாள் ஆகியிருந்தது. டேப்பை வைத்து அளந்து காட்டினேன். அவரே சிரித்துக்கொண்டு, ‘ஏழரையைக் காசு கொடுத்து வீட்டுக்குள்ள கூட்டிட்டு வந்துட்டேன்’ என்றார். அந்த அம்மா சிரிக்கவில்லை. இப்போது அவர் மாடிக்கே போவதில்லை, காயப்போட்ட துணியை எடுக்க ஆள் பார்க்கிறார்.

அதனால் சைட்டில் ஒரு நீளநோட்டு, நடுவில் கார்பன் பேப்பர். மாற்றம் எதுவாக இருந்தாலும் தேதி போட்டு எழுதி, மேஸ்திரி, வீட்டுக்காரர், நான் மூவரும் கையெழுத்து. நான் ஊரில் இல்லை என்றால் அந்தப் பக்கத்தை ஃபோட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும், நான் பார்த்துச் சரி என்று எழுதும்வரை வேலை நிற்க வேண்டும். மாற்றவே கூடாது என்று நான் சொல்லவில்லை, உங்கள் வீடு, உங்கள் காசு. அந்த மாற்றம் வேறு எதை இழுத்துக்கொண்டு போகும் என்று சொல்ல எனக்கு ஒரு நாள் கொடுங்கள்.

தினமும் சைட்டுக்கு வருவீர்களா?

இல்லை. பதினைந்து நாளைக்கு ஒரு முறையும், அதைத் தவிர முக்கியமான கட்டங்களிலும்: மார்க்கிங், கம்பி கட்டி முடித்து காங்கிரீட் போடும் முன், வாசல் நிலை வைக்கும் முன், தளம் போடும் முன், பைப்பும் ஒயரும் பதித்துப் பூசும் முன். தினசரி மேற்பார்வை வேண்டும் என்றால் சைட் இன்ஜினியரை நீங்கள் தனியாக வைக்க வேண்டும்.

வாஸ்து பார்ப்பீர்களா?

நீங்கள் பார்த்தால் நானும் பார்ப்பேன். எனக்கு நம்பிக்கை இருக்கிறதா என்பது உங்களுக்குத் தேவையில்லாத விஷயம். நீங்கள் நிம்மதியாகத் தூங்குவது என் வேலையில் சேர்த்தி. நிபந்தனை ஒன்றுதான்: வாஸ்துக்காரர் பிளான் முடிவாகும் முன் வர வேண்டும், லின்டல் மட்டம் போன பிறகு இல்லை. சுவர் எழும்பிய பிறகு வந்து சமையலறையை நகர்த்தச் சொன்னால் இடிக்கும் கூலியை அவரே கொடுப்பாரா என்று கேளுங்கள். அப்புறம், சேலத்து ஏப்ரல் வெயிலுக்கு வாஸ்து தெரியாது. மேற்குச் சுவரில் பெரிய ஜன்னல் வைக்கச் சொன்னால் அதற்கு வெளியே நிழலுக்கு என்ன வழி என்பதை நான் சொல்லித்தான் தீருவேன்.

ஏற்காட்டில் கொஞ்சம் இடம் இருக்கிறது. சின்னதாக ஒரு வீடு, வாடகைக்கும் விடலாம். எவ்வளவு நாளாகும்?

இருபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் சட்டமும் மாறும், மண்ணும் மாறும்.

கீழே சேலத்தில் 2,500 சதுர அடி வரை மனையில், 3,500 சதுர அடிக்குள் வீடு என்றால் 2024 ஜூலையிலிருந்து சுயசான்று முறையில் ஆன்லைனில் உடனடி அனுமதி கிடைக்கிறது. ஏற்காட்டுக்கு அந்தக் கணக்கைப் போடாதீர்கள். அங்கே மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் கட்டுப்பாடு, எல்லோரும் ‘ஹாக்கா’ என்பார்கள், 1990-இலிருந்து இருக்கிறது. வனத்துறை, கனிமவளத்துறை, வேளாண் பொறியியல் துறை என்று ஒவ்வொருவரிடமும் போய் வர வேண்டும். மாதக் கணக்காகும். எத்தனை மாதம் என்று யாராவது உறுதியாகச் சொன்னால் அவரிடம் ஜாக்கிரதை.

‘நம்ம ஆள் ஒருத்தர் இருக்கார், கட்டிட்டு அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று சொல்லி வருகிற வேலையை நான் எடுப்பதில்லை. நல்லவள் என்பதால் இல்லை. நாளைக்கு சீல் வைக்க வரும்போது அந்த ஆள் இருக்க மாட்டார், வரைபடத்தில் என் கையெழுத்து இருக்கும்.

மலையில் நான் செய்த தப்பையும் எழுதிவிடுகிறேன். சரிவை வெட்டிச் சமதளமாக்கி, மண் சரியாமல் இருக்க நாற்பது அடி நீளத்தில் ஏழு அடித் தடுப்புச் சுவர். சுவருக்குப் பின்னால் தேங்கும் மழைத் தண்ணீர் வெளியேற அஞ்சடிக்கு ஒன்றாக ரெண்டு இஞ்ச் பைப், பின்னால் ஜல்லி நிரப்ப வேண்டும் என்று வரைபடத்தில் தெளிவாகவே போட்டிருந்தேன். பதினைந்து நாளைக்கு ஒரு முறை போக வேண்டியவள், மழை, மூடுபனி, கீழே சேலத்தில் வேறு ரெண்டு வீட்டுக்குத் தளம் போடுகிற வேலை என்று மூன்று வாரம் போகவில்லை. பூச்சு வேலைக்கு வந்தவர்கள் பைப் வாய் அசிங்கமாக இருக்கிறதென்று சிமென்ட் வைத்து அழகாக அடைத்துவிட்டார்கள். ஐப்பசி மழை பிடித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை எட்டிப் பார்த்தால் சுவர் நடுவில் வயிறு தள்ளிக்கொண்டு நிற்கிறது, கையை வைத்தால் ஈரம் ஒட்டுகிறது.

வீட்டுக்காரர் சென்னையில் இருந்தார். அன்று மாலையே கூப்பிட்டிருக்க வேண்டும். நான் கூப்பிட்டது வியாழக்கிழமை. நடுவில் இருந்த நாலு நாளும் யார் தப்பு, எப்படிச் சொன்னால் என் பேர் கெடாது, காண்ட்ராக்டரை முன்னால் நிறுத்தலாமா என்று மண்டைக்குள்ளேயே வழக்கு நடத்திக்கொண்டிருந்தேன். கடைசியில் எல்லாவற்றையும் சொன்னபோது அவர் கத்தவில்லை. ‘சுவர் போனா திரும்பக் கட்டிக்கலாங்க மேடம். ஞாயித்துக்கிழமை தெரிஞ்சதை ஏன் வியாழக்கிழமை சொல்றீங்க?’ என்றார். என்னிடம் பதில் இல்லை. இடித்துக் கட்டிய கூலியை நானும் காண்ட்ராக்டரும் பிரித்துக்கொண்டோம், பொருள் செலவை வீட்டுக்காரர் ஏற்றுக்கொண்டார். வேலையை முடித்துக் கொடுத்தேன், சாவி வாங்கும்போது மரியாதையாகத்தான் நன்றி சொன்னார். அவர் மூலமாக வேறு ஒரு வேலைகூட எனக்கு வந்ததில்லை.

அதிலிருந்து என்ன கெட்ட செய்தியாக இருந்தாலும் அன்றே ஃபோன். யார் தப்பு என்பது மறுநாள்.

விரிசல் விட்டால் யார் பொறுப்பு?

எந்த விரிசல் என்பதைப் பொறுத்தது. தூணும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் நேர்க்கோடாக மெல்லிய கீறல் என்றால் அங்கே கோழிவலை அடிக்காமல் பூசியிருப்பார்கள், காண்ட்ராக்டர் பொறுப்பு. மொட்டைமாடித் தளத்துக்குக் கீழே சுவரில் படுக்கைவாக்கில் ஓடுவது பெரும்பாலும் வெயிலில் தளம் விரிந்து சுருங்குவதால் வருவது. அதற்கு வடிவமைப்பிலேயே இடம் கொடுத்திருக்க வேண்டும், மேலே வெள்ளை ஓடாவது பதித்திருக்க வேண்டும், ஆகவே அதில் எனக்கும் பங்குண்டு. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகக் கிளம்பி நாளுக்கு நாள் அகலமாகிறதென்றால் அஸ்திவாரத்தைச் சந்தேகப்பட வேண்டும், ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை உடனே கூப்பிடுங்கள், பெயின்டரை இல்லை.

பேசித் தீரவில்லை என்றால் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. குறை தெரிந்த ரெண்டு வருடத்துக்குள் போக வேண்டும். என் மேலேயே போடுவதாக இருந்தாலும் இதையேதான் சொல்வேன். அங்கே போனால் முதலில் கேட்பது அக்ரிமென்ட்டையும் எழுத்தில் இருப்பதையும்தான், சைட் நோட்டு அப்போது உங்களுக்கும் உதவும்.

இப்போதிருக்கும் ஆர்க்கிடெக்ட்டைப் பிடிக்கவில்லை. உங்களிடம் மாறலாமா?

மாறலாம், ஆனால் ஒழுங்காக. அவருக்கு அதுவரை ஆன ஃபீஸைக் கொடுத்து, எழுத்தில் விலக்கிவிட்டு, அந்தக் காகிதத்தோடு வாருங்கள். முன்னாள் ஆர்க்கிடெக்ட்டுக்கு நானும் எழுதித் தெரிவித்த பிறகே வேலையை எடுக்க வேண்டும் என்பது விதி. இந்த ஊரில் எல்லோரும் எல்லோருக்கும் தெரிந்தவர்கள், நான் கூப்பிட்டுப் பேசினால் பாதி நேரம் உங்கள் இருவருக்கும் நடுவில் வெறும் பேச்சு நின்றுபோனதுதான் பிரச்சினை என்று தெரியும். அப்படி மூன்று பேரைத் திருப்பி அவரிடமே அனுப்பியிருக்கிறேன்.

அதே பிளானை என் தம்பியும் பயன்படுத்திக்கொள்ளலாமா?

வரைபடத்தின் காப்புரிமை வரைந்தவருக்கு. நீங்கள் வாங்கியது அந்த இடத்தில் ஒரு முறை கட்டிக்கொள்ளும் உரிமை. தம்பி மனை வேறு, திசை வேறு, அவர் மனைவி சமைக்கும் விதம் வேறு. கூட்டி வாருங்கள், ஃபீஸைக் குறைத்துப் பேசலாம்.

ராத்திரி பதினோரு மணிக்கு மெசேஜ் போட்டால் பதில் வருவதில்லையே?

வராது. மறுநாள் பத்து மணிக்கு வரும். தளம் போடுகிற நாளிலும், மழை கொட்டும்போது மலையில் மண் வெட்டியிருக்கும் சைட்டுக்கும் மட்டும் எந்நேரமும் கூப்பிடலாம். இன்ஸ்டாகிராமில் பார்த்த கைப்பிடியை அனுப்புங்கள், தப்பில்லை, அது காலை வரை காத்திருக்கும்.

(ஜூனியர்கள் கேட்பது) அக்கா, கிளையன்ட் ஃபீஸ் தரவில்லை, என்ன செய்வது?

வேலை முடிந்த பிறகு கேட்கிறாய் என்றால் கேட்கும் நேரம் போய்விட்டது. ஒவ்வொரு கட்டத்துக்கும் பணம் வந்த பிறகுதான் அடுத்த கட்ட வரைபடம் கையை விட்டுப் போக வேண்டும். ஆனால் கம்பி கட்டி காங்கிரீட்டுக்குக் காத்திருக்கும் சைட்டில் பாக்கிக்காக வரைபடத்தைப் பிடித்து வைக்காதே. அது பணம் வாங்கும் வழி இல்லை, அங்கே தப்பு நடந்தால் கீழே நிற்பது சித்தாள். பில் அனுப்ப வெட்கப்படாதே, ‘நீங்க பார்த்துக் கொடுங்க சார்’ என்று மட்டும் வாயில் வரவே கூடாது. மூன்று நினைவூட்டல், அப்புறம் வக்கீல் நோட்டீஸ். நான் பதினாறு வருடத்தில் ஒரு முறைதான் நோட்டீஸ் அனுப்பினேன், அதுவும் என் சொந்தச் சித்தப்பாவுக்கு.

முதல் சந்திப்புக்கு என்ன கொண்டு வர வேண்டும்?

பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, புலப்படம், மனைப்பிரிவு அப்ரூவல் நகல். அசல் வேண்டாம், ஜெராக்ஸ் போதும். எலிவேஷன் ஃபோட்டோக்களை வீட்டிலேயே விட்டுவிட்டு, வீட்டில் யார் எத்தனை மணிக்கு எழுந்திருப்பார்கள், துணி எங்கே காயும், ஆடிப் பண்டிகைக்கு எத்தனை பேர் வந்து தங்குவார்கள் என்று எழுதிக்கொண்டு வாருங்கள். படி ஏற முடியாதவர் யாராவது இருந்தால் அவரை அவசியம் கூட்டி வாருங்கள், ஆனால் என் ஆபீஸ் மாடியில் இருக்கிறது, லிஃப்ட் கிடையாது. கீழே வந்தவுடன் கூப்பிட்டால் நான் இறங்கி வருகிறேன், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பேசலாம்.